இருமல், கிறுகிறுப்பு, கூடவே ஏறிய கிரியேட்டினின்

கிட்னி டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தால் பையில் கிட்னிக்கான மருந்து இருக்கும் என்றுதான் வீட்டில் எதிர்பார்ப்பார்கள். என் பையில் இருந்தது பிரஷர் மாத்திரை. ராமிப்ரில், 2.5 மில்லிகிராம். என் பிரஷரோ அன்றைக்கு 138/86. எங்கள் பள்ளி ஸ்டாஃப் ரூமில் பாதிப் பேருக்கு அதைவிட அதிகம் இருக்கும். "கிட்னிக்குன்னு போயிட்டு பிரஷருக்கு மாத்திரை வாங்கிட்டு வந்திருக்கீங்க?" என்றாள் மனைவி. அதையேதான் நானும் டாக்டரிடம் கேட்டிருந்தேன். "இது உங்க பிரஷருக்காக இல்ல சார். யூரின்ல போற புரோட்டீனுக்காக" என்றார் அவர்.

எனக்கு இருப்பது ஐஜிஏ நெஃப்ரோபதி. கிருமிகளோடு சண்டை போட உடம்பு செய்கிற ஒரு புரதம், சிறுநீரகத்தின் வடிகட்டிகளில் போய்ப் படிந்துகொள்கிற நோய். 1968இல் பாரிஸில் ழான் பெர்ஜே என்ற மருத்துவர் இதை முதலில் விவரித்தார். சிறுநீரில் நுரை, பிறகு பயாப்சி, பிறகு இந்த மாத்திரை. அந்தக் கதையை இன்னொரு நாள் எழுதுகிறேன். இங்கே சொல்ல வந்தது மாத்திரை ஆரம்பித்த முதல் சில மாதங்களைப் பற்றி மட்டும். அந்த மாதங்களில்தான் நிறையப் பேர் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தச் சொல்லும் காரணங்கள் பெரும்பாலும் உடம்பில் தெரிகிற காரணங்கள். ஆனால் கவனிக்க வேண்டியவை உடம்பில் தெரிவதே இல்லை. இந்த முரண் எனக்குப் புரியவே கொஞ்ச காலம் ஆனது.

முதலில் இருமலைப் பற்றி. அது வந்தது மாத்திரை ஆரம்பித்த உடனே அல்ல, சில வாரங்கள் கழித்து. சளி கிடையாது, காய்ச்சல் கிடையாது, மூக்கு ஒழுகல்கூடக் கிடையாது. தொண்டைக் குழியில், சட்டைக் காலரின் முதல் பொத்தான் படுகிற இடத்தில், யாரோ இறகால் வருடுவதைப்போல ஒரு நமைச்சல். இருமினால் அடங்கும், அரை நிமிடத்தில் மறுபடி கிளம்பும். படுத்தால் இன்னும் மோசம். நான் கணக்கு வாத்தியார். கரும்பலகையில் சமன்பாட்டைப் பாதி எழுதிவிட்டு மீதியை வாயால் சொல்ல ஆரம்பித்தால் சொல்லி முடிக்க முடியாது. முன்வரிசைப் பையன்கள் கொரோனா நினைப்பில் மெல்ல பெஞ்சைப் பின்னால் நகர்த்தியதையும் பார்த்தேன்.

வீட்டில் கற்பூரவல்லி, சுக்கு, மிளகு, திப்பிலி எல்லாம் ஒரு சுற்று வந்தது. ஸ்டாஃப் ரூமில் தமிழையா ஆடாதோடையைப் பரிந்துரைத்தார். மருந்துக் கடையில் ஒரு சிவப்பு டானிக் கொடுத்தார்கள். எதற்கும் அசையவில்லை. அசையாததில் ஆச்சரியமும் இல்லை, ஏனென்றால் அது நெஞ்சுச் சளியால் வந்த இருமலே இல்லை.

இந்த இருமலுக்குப் பின்னால் ஒரு பாம்பு இருக்கிறது. பிரேசிலில் ஜராராகா என்றொரு விரியன் வகை உண்டு. 1940களின் இறுதியில் சாவோ பாவ்லோவில் மவுரிசியோ ரோச்சா இ சில்வாவின் குழு, அதன் விஷத்தை வைத்து ஆராய்ந்தபோது பிராடிகினின் என்ற ஒரு பொருளைக் கண்டுபிடித்தது. ரத்தக் குழாய்களை விரியவைத்து ரத்த அழுத்தத்தை இறக்குகிற பொருள் அது. பின்னர் செர்ஜியோ ஃபெரெய்ரா, அதே விஷத்தில் பிராடிகினின் சீக்கிரம் சிதைந்துபோகாமல் காப்பாற்றுகிற கூறுகளும் இருப்பதைக் கண்டார். கடிபட்ட இரையின் பிரஷர் விழுந்து எழுந்திருக்க முடியாமல் கிடப்பதற்குப் பாம்பு செய்து வைத்திருக்கும் ஏற்பாடு. அந்தக் கூறுகளை மாதிரியாக வைத்துக்கொண்டு ஸ்குவிப் நிறுவனத்தில் குஷ்மன், ஒன்டெட்டி என்ற இருவர் கேப்டோப்ரில் என்ற மாத்திரையை உருவாக்கினார்கள். 1981இல் அமெரிக்காவில் அதற்கு அனுமதி கிடைத்தது. 'ப்ரில்' என்று பேர் முடிகிற எல்லா மாத்திரைகளும், எனலாப்ரில், ராமிப்ரில், லிசினோப்ரில் எல்லாம், அந்தப் பரம்பரைதான்.

இவை உடம்பில் ஏசிஇ என்ற நொதியைத் தடுக்கின்றன. அந்த நொதிக்கு இரண்டு வேலை. ரத்தக் குழாய்களை இறுக்குகிற ஆஞ்சியோடென்சின் 2 என்பதை உண்டாக்குவது ஒன்று, பிராடிகினினைச் சிதைப்பது இன்னொன்று. முதல் வேலையைத் தடுத்தால் நமக்கு நல்லது. இரண்டாவதும் சேர்ந்தே தடைபடுவதால் பிராடிகினின் மூச்சுக் குழாய்ப் பக்கம் சேர்ந்து நரம்பு நுனிகளை உசுப்புகிறது. ஆய்வுகளில் 100 பேரில் 5 முதல் 20 பேர் வரை இந்த இருமல் வந்திருக்கிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். டோஸைக் குறைத்தாலும் போவதில்லை. மாத்திரையை நிறுத்தினால் பெரும்பாலும் ஒன்று முதல் நான்கு வாரத்தில் போய்விடும், சிலருக்கு இன்னும் இழுக்கும்.

டாக்டர் என் இருமலைக் கேட்டுவிட்டு, நெஞ்சையும் ஒருமுறை ஸ்டெத் வைத்துப் பார்த்துவிட்டு, டெல்மிசார்டானுக்கு மாற்றினார். 'சார்டான்' என்று முடிகிறவை நொதியைத் தொடுவதில்லை. ஆஞ்சியோடென்சின் போய் ஒட்டுகிற இடத்தை மட்டும் அடைக்கின்றன. பிராடிகினின் தன் போக்கில் சிதைந்துபோகும், இருமலும் வராது. எனக்கும் போய்விட்டது. என் அனுபவத்தில் இது ஒரு தொல்லை, அவ்வளவுதான். மாற்று இருக்கிற தொல்லை.

ஆனால் அதே பிராடிகினின் காரணமாக வேறொன்றும் வரலாம். அபூர்வம், ஆயிரத்தில் சிலருக்கு. உதடு, நாக்கு, முகம் திடீரென்று வீங்குவது. தொண்டைக்குள் வீக்கம் பரவினால் மூச்சு அடைபடும். அப்படி வந்தால் நாளைக் காலை வரை பார்ப்போம் என்று இருக்கக் கூடாது, உடனே ஆஸ்பத்திரி. ஒருமுறை வந்தவர் பிறகு எந்த 'ப்ரில்' மாத்திரையையும் தொடக் கூடாது. இது மட்டும் உடம்பில் தெரிகிற பக்கவிளைவுகளில் உண்மையிலேயே பயப்பட வேண்டியது.

கிறுகிறுப்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தரையில் சம்மணம் போட்டுச் சாப்பிட்டுவிட்டு எழும்போது கண் இருட்டும். பந்தியில் பக்கத்து இலைக்காரர் தோளைப் பிடித்திருக்கிறேன். முதல் வாரங்களில் அதிகமாக இருக்கும், உடம்பு பழகியதும் குறையும். சித்திரை வெயிலில் வேர்த்துக் கொட்டினால் மறுபடி எட்டிப் பார்க்கும். வீட்டில் பிரஷர் மெஷின் இருந்தால் உட்கார்ந்து ஒரு அளவு, எழுந்து நின்று ஒன்று முதல் மூன்று நிமிடத்துக்குள் ஒரு அளவு எடுத்துப் பாருங்கள். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினால் டாக்டரிடம் சொல்லியாக வேண்டும். கிட்னிக்காரர்களுக்கு அடிக்கடி எழுதுகிற பிரசோசின் என்ற மாத்திரையில் இந்தத் தள்ளாட்டம் முதல் டோஸிலேயே பலமாக வரலாம். அதனால்தான் அதை ராத்திரி படுக்கப்போகும்போது ஆரம்பிக்கச் சொல்கிறார்கள்.

மாத்திரை ஆரம்பித்து இரண்டு வாரம் கழித்து ரத்தம் எடுத்தபோதுதான் வீட்டில் உண்மையான கலவரம். கிரியேட்டினின், அதாவது சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய ஒரு கழிவுப்பொருள், 1.5 இருந்தது 1.8 ஆகியிருந்தது. லேப் ரிப்போர்ட்டில் அந்த எண்ணைக் கருப்பு எழுத்தில் தடித்து அச்சடித்து, பக்கத்தில் அதிகம் என்று காட்டும் ஒரு 'எச்' வேறு போட்டிருந்தார்கள். என் மச்சான், மனைவியின் அண்ணன், அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "பாருங்க மாப்ள, நல்லா இருந்த கிட்னிய மாத்திரையக் குடுத்து இவங்களே கெடுத்துடறாங்க. நம்ம பக்கத்துல ஒரு வைத்தியர் இருக்காரு, வாழைத்தண்டுச் சாறுலயே இறக்கிடுவாரு" என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. மாத்திரை போடுவதற்கு முன் 1.5, போட்ட பின் 1.8. அவர் வேறென்ன முடிவுக்கு வர முடியும்?

டாக்டரோ ரிப்போர்ட்டைப் பார்த்துச் சந்தோஷப்படாத குறைதான். காரணம் இது. ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் 10 லட்சம் வடிகட்டிகள். ஒவ்வொன்றுக்கும் ரத்தம் உள்ளே வர ஒரு குழாய், வெளியே போக ஒரு குழாய். ஆஞ்சியோடென்சின் வெளியே போகிற குழாயைத்தான் அதிகம் இறுக்கும். அதனால் வடிகட்டிக்குள் அழுத்தம் கூடும். அழுத்தம் கூடக்கூடப் புரதம் கசியும், வடிகட்டி வருடக் கணக்கில் தேய்ந்து தழும்பாகும். மாத்திரை வெளிவாசலைத் தளர்த்துகிறது. வயலின் கீழ்மடையைத் திறந்துவிட்டால் தேங்கி நின்ற நீர்மட்டம் இறங்குகிற மாதிரி, உள்ளே அழுத்தம் இறங்குகிறது. அழுத்தம் இறங்கினால் புரதக் கசிவு குறையும். கூடவே வடிகட்டுகிற வேகமும் கொஞ்சம் குறையும். வேகம் குறைந்தால் ரத்தத்தில் கிரியேட்டினின் கொஞ்சம் ஏறத்தான் செய்யும். ஆக, ஏறிய அந்த எண் மாத்திரை வேலை செய்வதன் தடயம்.

எவ்வளவு ஏறலாம் என்பதற்குக் கணக்கு உண்டு. ஆரம்பித்த அல்லது டோஸ் கூட்டிய நான்கு வாரங்களுக்குள் 30 சதவீதம் வரை ஏறி, பிறகு அங்கேயே நின்றால் மாத்திரையைத் தொடரலாம் என்பதுதான் உலக அளவிலான சிறுநீரக வழிகாட்டுதல். 1.5இல் 30 சதவீதம் 0.45. எனக்கு ஏறியது 0.3, அதாவது 20 சதவீதம். 30ஐத் தாண்டினால் அப்போதும் முதல் வேலை காரணம் தேடுவது. உடம்பில் நீர் வற்றியிருக்கிறதா, வலி மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறாரா, சிறுநீரகத்துக்குப் போகிற ரத்தக் குழாயிலேயே அடைப்பா என்று பார்ப்பார்கள்.

இதைச் சமாதானத்துக்காகச் சொல்கிறார்களோ என்று எனக்கும் தோன்றியது. ஆய்வுகளைத் தேடிப் படித்தேன். 2001இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், சர்க்கரையால் சிறுநீரகம் பாதிக்கப்பட்ட 1513 பேரை எடுத்துக்கொண்டார்கள். லோசார்டான் சாப்பிட்டவர்களிடம் டயாலிசிஸோ மாற்றுச் சிறுநீரகமோ தேவைப்படும் நிலைக்குப் போகிற அபாயம் 28 சதவீதம் குறைவாக இருந்தது. எனக்குச் சர்க்கரை இல்லை, என் நோய் வேறு. இருந்தாலும் இரண்டிலும் புரதக் கசிவை அடக்குகிற வழி ஒரே மாதிரிதான். அதே தரவுகளைப் பத்து வருடம் கழித்து மறுபடி புரட்டிப் பார்த்தபோது இன்னொன்று தெரிந்தது. ஆரம்பத்தில் வடிகட்டும் வேகம் அதிகம் இறங்கியவர்களுக்குத்தான் அதற்குப் பிந்தைய வருடங்களில் சரிவு மெதுவாக இருந்திருக்கிறது. பிரிட்டனில், சிறுநீரகம் ஏற்கெனவே மிகவும் மோசமாகிவிட்ட 411 பேரில் பாதிப் பேருக்கு இந்த மாத்திரைகளை நிறுத்தியே பார்த்தார்கள். 2022இல் வந்த முடிவின்படி, மூன்று வருடம் கழித்தும் நிறுத்தியவர்களுக்குச் சிறுநீரகம் ஒன்றும் தேறிவிடவில்லை. மச்சானிடம் இவ்வளவையும் சொன்னேன். வாழைத்தண்டை மட்டும் அவர் இன்னும் விடவில்லை.

வாழைத்தண்டை நான் தள்ளி வைத்ததற்குக் காரணம் அதில் இருக்கும் பொட்டாசியம் என்ற தாது. கிரியேட்டினினுக்கு இத்தனை பேர் பயப்படுகிறார்கள், பொட்டாசியத்தின் பேரை யாரும் எடுப்பதில்லை. எனக்குக் கேட்டால் வரிசையை மாற்றுவேன். ரத்தத்தில் அது ஏறினால் இருமாது, கிறுகிறுக்காது, வலிக்காது. அதிகமாக ஏறினால் சிலருக்குக் கைகால் சோர்வு வரும், சிலருக்கு ஒன்றுமே தெரியாமல் நேரே இதயத் துடிப்பில் கை வைக்கும். இந்த மாத்திரைகள் ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோனையும் குறைப்பதால், பொட்டாசியத்தை சிறுநீரில் தள்ளும் வேலை மந்தமாகும். சிறுநீரகம் ஏற்கெனவே சோர்ந்தவர்களுக்கு அது இரட்டை அடி. லேப் தாளில் 3.5 முதல் 5 வரை சரி என்று போட்டிருக்கும். 5.5ஐத் தாண்டினால் டாக்டர் ஏதாவது செய்வார், 6ஐத் தாண்டினால் அவசரம்.

எனக்கு 4.7இலிருந்து 5.4 ஆனது. டாக்டர் மாத்திரையை விட்டுவிட்டு சமையலறையை விசாரித்தார். இளநீர்? ஓர் இளநீரிலேயே 500 மில்லிகிராம் அளவுக்குப் பொட்டாசியம் இருக்கலாம். வாழைப்பழம்? தக்காளி சூப்? பேரீச்சை? கடைசியில், "என்ன உப்பு போடறீங்க?" என்றார். அங்கேதான் மாட்டியது. பிரஷருக்கு நல்லது என்று அண்ணி அன்போடு வாங்கிக் கொடுத்திருந்த 'சோடியம் குறைந்த' உப்புப் பாக்கெட். சோடியத்தைக் குறைத்த இடத்தில் அதில் இருப்பது பொட்டாசியம் குளோரைடு. மற்றவர்களுக்கு அது நல்ல உப்பாக இருக்கலாம், 'ப்ரில்', 'சார்டான்' சாப்பிடும் கிட்னிக்காரர்களுக்கு ஆகாது. (இந்துப்பு கிட்னியைச் சரிசெய்யும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறதே, அதுவும் பெரும்பகுதி சாதாரண சோடியம் உப்புதான். விலைதான் வேறு.)

உப்பை மாற்றினோம். காய்களைச் சின்னதாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரை வடித்துவிட்டுத் தாளிக்கிறாள் மனைவி. வடித்த தண்ணீரை "சத்து வீணாகுதே" என்று ரசத்தில் சேர்க்கிற பழக்கம் எங்கள் வீட்டிலும் இருந்தது. அந்தச் சத்தில்தான் பொட்டாசியம் இருக்கிறது. அடுத்த பரிசோதனையில் 4.9. ஒன்று சொல்ல வேண்டும். ரத்தம் எடுக்கும்போது கையை இறுக்கிக் கட்டி, முஷ்டியை மடக்கி மடக்கித் திறக்கச் சொன்னாலோ, எடுத்த ரத்தம் குழாயிலேயே சிதைந்துபோனாலோ பொட்டாசியம் பொய்யாக உயர்ந்து காட்டும். எதிர்பாராத எண் வந்தால் டாக்டர் மறுபடி எடுக்கச் சொல்வது அதனால்தான், லேபுக்கு வருமானம் பார்க்க அல்ல.

ஊரில் இருக்கும் அத்தைக்கு 'மக்களைத் தேடி மருத்துவம்' வழியாகப் பிரஷர் மாத்திரை வாசலுக்கே வருகிறது. 2021இல் தொடங்கிய அந்தத் திட்டத்தை நான் மனதாரப் பாராட்டுவேன். பஸ் ஏறாமல் மாத்திரை கிடைப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று அவரைக் கேட்டால் தெரியும். ஆனால் அத்தைக்குச் சிறுநீரில் புரதம் இருப்பது தெரிந்து எனலாப்ரில் ஆரம்பித்தபோது, "ரெண்டு வாரத்துல ரத்தம் குடுக்கணும் அத்தை" என்று நான் போனில் நச்சரிக்க வேண்டியிருந்தது. "மாத்திரை ஒத்துக்கிச்சுடா, ஒண்ணும் பண்ணல, எதுக்கு ரத்தம்?" என்றார். ஒன்றும் பண்ணவில்லை என்று அவருக்கு எப்படித் தெரியும்? அதுதான் என் ஆதங்கமே. இந்த மாத்திரையின் சீட்டில் மருந்தின் பேருக்குக் கீழே கிரியேட்டினின், பொட்டாசியம் என்று இரண்டு வார்த்தை எழுதியிருக்க வேண்டும். தனியார் லேபிலும் சில நூறு ரூபாயில் முடிகிற வேலை. எழுதாமல் விட்டால் நாமே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளலாம். எந்த டாக்டரும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

டெல்மிசார்டான் மட்டும் போதவில்லை என்று பின்னர் அம்லோடிபின் என்ற இன்னொரு பிரஷர் மாத்திரையும் சேர்ந்தது. சாயங்காலம் ஷூவைக் கழற்றினால் கணுக்காலில் சாக்ஸின் ரப்பர் பதிந்த பள்ளம். கிட்னிக்காரனுக்குக் கால் வீங்கினால் மனசு எங்கெங்கோ போகும். சிறுநீரகம் தண்ணீரைத் தள்ளவில்லையோ, புரதம் மறுபடி கொட்டுகிறதோ என்று. அம்லோடிபின் வீக்கத்தில் உடம்பில் தண்ணீர் கூடுவதில்லை. நுண்குழாய்களுக்குள் ரத்தம் நுழையும் பக்கம் மட்டும் விரிவதால், நீர் வெளியே கசிந்து காலில் இறங்குகிறது. அதனால் நீர் பிரிகிற மாத்திரை போட்டாலும் அவ்வளவாக வடியாது. 5 மில்லிகிராமைவிட 10இல் அதிகம். எடை ஏறவில்லை, காலையில் கண்ணிமை வீங்கவில்லை, விடிந்ததும் கால் வடிந்துவிடுகிறது என்பதையெல்லாம் டாக்டரிடம் சொன்னேன். அவர் சிறுநீரையும் ஒருமுறை பரிசோதித்துவிட்டுத்தான் அம்லோடிபின் மேல் பழியைப் போட்டார். அந்த முடிவை நாமே வீட்டில் எடுக்கக் கூடாது. இப்போது சில்னிடிபினுக்கு மாற்றியிருக்கிறார், அதில் கால் வீக்கம் குறைவு. அம்லோடிபினில் சிலருக்கு ஈறு தடித்துப் பல் விளக்கும்போது ரத்தம் வருவதும் உண்டு. பல் டாக்டரிடம் போனால் சாப்பிடும் மாத்திரைகளின் பேரைச் சொல்லிவிடுங்கள்.

மருந்துக் கடை விஷயம் ஒன்று. டெல்மிசார்டான் பேருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு வருகிற எழுத்துகளைக் கவனியுங்கள். வெறும் 40 என்பது ஒன்று. 'ஏஎம்' என்றிருந்தால் கூட அம்லோடிபின், 'எச்' என்றிருந்தால் கூட நீர் பிரிகிற மருந்து. அட்டையின் நிறம் ஒரே மாதிரிதான் இருக்கும். எங்கள் கடைக்காரத் தம்பி, "அதேதான் சார், கூட ஒண்ணு சேர்ந்திருக்கு, அவ்வளவுதான்" என்று ஒருமுறை 'எச்' அட்டையை நீட்டினார். வாங்காமல் வந்தேன். இன்னொன்று, டெல்மிசார்டான் காற்றின் ஈரத்தை இழுக்கும். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து வாரத்துக்கான டப்பாவில் மொத்தமாகப் பிரித்துப் போட்டு வைக்காதீர்கள். சாப்பிடும்போது அட்டையிலிருந்து பிதுக்குவதே சரி.

மூட்டு வலிக்குக் கடையில் சொல்லி வாங்கும் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் வகையறா இந்த மாத்திரைகளோடு சேர்ந்தால், அதுவும் நீர் பிரிகிற மாத்திரை மூன்றாவதாக இருந்தால், சிறுநீரகம் சில நாளிலேயே படுத்துவிடலாம். பேதி, வாந்தி என்று உடம்பு வற்றும் நாட்களில் எந்த மாத்திரையை நிறுத்தி வைப்பது, எப்போது மறுபடி ஆரம்பிப்பது என்பதை நன்றாக இருக்கும்போதே டாக்டரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நான் அதைச் சீட்டின் பின்பக்கமே எழுதி வாங்கியிருக்கிறேன். குழந்தை பெறும் எண்ணமுள்ள பெண்கள் அதை முதல் நாளே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். 'ப்ரில்', 'சார்டான்' இரண்டுமே கருவில் இருக்கும் குழந்தைக்கு ஆகாதவை.

சிறுநீர்ப் புரதம் எனக்குப் பாதிக்கும் கீழே இறங்கியிருக்கிறது. கிரியேட்டினின் 1.8க்கும் 1.7க்கும் இடையில் நிற்கிறது. போன முறை டாக்டர், "பிரஷர் தாங்குது, பொட்டாசியமும் இடம் குடுக்குது, டெல்மிசார்டானை 80 ஆக்கிப் பார்க்கலாம்" என்றார். டோஸ் கூடினால் அதே கணக்கு மறுபடி முதலிலிருந்து. கொஞ்சம் கிறுகிறுக்கும், எண் கொஞ்சம் ஏறும், இரண்டு வாரத்தில் ரத்தம் கொடுக்க வேண்டும். சீட்டில் இந்த முறை லேபுக்கான வரியை அவரே எழுதிவிட்டார். அடுத்த ரிப்போர்ட்டை வாங்க மச்சானையே அனுப்பலாம் என்றிருக்கிறேன். கால்குலேட்டரோடு.